காற்றுப்பலகையின் 'பூம்': தமிழில் என்ன எழுதலாம்?

அனுப்புநர்: தமிழாசிரியை, கத்ர் போர்ன்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் சிலர் குளிர்கால விடுமுறையில் இங்கே மொரீஷியசின் லெ மோர்ன் கடற்கரையில் காற்றுப்பலகை (விண்ட்சர்ஃபிங், பாய் பூட்டிய பலகைமேல் நின்று ஓட்டுவது) பழகப் போகிறார்கள். பயிற்சி கிரியோலில்தான் நடக்கும். கருவிகளை அறிமுகம் செய்யும் சிறு கையேட்டை மட்டும் தமிழில் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

பலகை, பாய், பாய்மரம் மூன்றிலும் சிக்கல் இல்லை. பலகையின் அடியில் பின்புறம் நீட்டிக்கொண்டிருப்பதற்குத் 'துடுப்பு' என்று எழுதியிருக்கிறேன்; பாடநூலில் மீனுக்கு அப்படித்தான் இருக்கிறது. நடுவில் செருகி எடுப்பதற்கு 'நடுத்தகடு'. தண்ணீரில் விழுந்து கிடக்கும் பாயை இழுத்து நிமிர்த்தும் தடித்த கயிற்றுக்குத் 'தூக்குக்கயிறு'. பலகையின் பருமனை லிட்டரில் சொல்கிறார்கள், அதற்குக் 'கொள்ளளவு'.

மாட்டிக்கொண்டது ஒன்றில்தான். பாய்க்கு இருபுறமும் வளைந்து போய், முன்னால் பாய்மரத்தோடும் பின்னால் பாயின் மூலையோடும் சேரும் கழி. பழகுபவர் இரு கைகளாலும் பற்றி நிற்பது அதைத்தான். ஆங்கிலத்தில் பூம், இங்குள்ள பிள்ளைகள் வாயில் விஷ்போன். 'பிடிகழி' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

தங்கைக்கு வாழ்த்து. முதலில் தூக்குக்கயிற்றை எடுத்துவிடுங்கள். பிள்ளைகள் கையில் தரும் ஏட்டில் அந்தச் சொல் வரலாகாது. நிமிர்கயிறு என்று எழுதுங்கள்.

'காற்றுப்பலகை' என்பதும் சப்பென்று இருக்கிறது. 'வளிதொழில் ஆண்ட உரவோன் மருக' என்று கரிகாலனைப் பாடிய புறநானூற்று அடி (66) நம் எல்லோருக்கும் தெரியும். காற்றை வேலை வாங்குவதைத் தவிர இந்த விளையாட்டில் வேறென்ன இருக்கிறது? வளிப்பலகை என்றால் இரண்டாயிரம் ஆண்டுத் தொடர்ச்சி கிடைக்கும். பாய்மரத்துக்கும் நமக்குக் கூம்பு இருக்கிறது: 'கூம்பொடு மீப்பாய் களையாது' என்பது புறம் 30. பாய்க்கு மதுரைக்காஞ்சியின் 'இதை' இருக்கிறது. இன்று பாய்மரம் கரிமநாரிலும் கண்ணாடிநாரிலும் செய்யப்படுகிறது. மரமே இல்லாத ஒன்றை மரம் என்று ஏன் சொல்ல வேண்டும்? கூம்பு மேலே போகப் போகச் சிறுக்கும் வடிவையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.


அனுப்புநர்: பொறியாளர், எபேன் (சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம்)

ஐயா, வணக்கம். 'இதை' வேண்டவே வேண்டாம். 'இதை இழு, இதை விடு' என்று கையேட்டில் எழுதினால் பிள்ளை எதை இழுக்கும்? கூம்பு என்றால் கணக்குப் பாடத்து உருவம்தான் நினைவுக்கு வரும். மின்கம்பத்தை இன்னும் போஸ்ட் மரம் என்று சொல்லும் ஊர்க்காரன் நான். கரிமநாரில் செய்தாலும் பாய்மரம் பாய்மரமே.

எங்கள் பக்கம் தோணிக்காரர்களிடம் பருமல் என்ற சொல் உண்டு. பாயைத் தாங்கும் குறுக்குமரம். பூமுக்கு அதையே எடுத்துக்கொள்ளலாம். புதிதாய்க் கட்டிய சொல்லைவிடக் கடல்நீர் பட்ட சொல் மேல். பலகையின் முன்பக்கத்துக்கும் அணியம் என்றே போடுங்கள்.

துடுப்பும் கூடாது, அம்மா. தமிழில் துடுப்பு என்றால் தண்ணீரைத் தள்ளுவது. இது எதையும் தள்ளாது. பலகை பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் தடுக்கும். மீனின் செட்டை என்று ஊரில் சொல்வோமே, அது போதும்.

கொள்ளளவு பற்றி ஒன்று. கொள்ளளவு என்பது குடம் கொள்ளும் அளவு. பலகை எதையும் கொள்வதில்லை, தாங்குகிறது. ஒரு லிட்டர் பருமன் ஏறத்தாழ ஒரு கிலோ எடையை மிதக்க வைக்கும், பலகையின் சொந்த எடையும் அதில் அடக்கம். 60 கிலோ உடம்புக்கு 150, 160 லிட்டர் பலகை கொடுத்தால்தான் புதியவர் தடுமாறாமல் எழுந்து நிற்க முடியும். அந்த மிச்ச லிட்டர்தான் அவருக்குக் காலூன்ற இடம். ஆகவே 'மிதப்பளவு' என்று எழுதினால் சொல்லே பாடத்தைச் சொல்லிவிடும்.


அனுப்புநர்: பயிற்றுநர், லெ மோர்ன்

வணக்கம் மிஸ். நான் பள்ளியில் தமிழ் படித்ததோடு சரி, எழுத்துப்பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல் எதுவானாலும் எனக்குச் சம்மதம். 'பிடிகழி' மட்டும் கூடாது.

காரணம் இதுதான். திடீரென்று காற்று அதிகமாகி வந்தால், புதியவர் செய்ய வேண்டிய முதல் வேலை பின்கையைத் தளர்த்துவது. அதற்கும் அடங்காவிட்டால் மொத்தத்தையும் கைவிட்டுப் பாயைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். நான் கரையிலோ இடுப்பளவுத் தண்ணீரிலோ நின்று கத்துவேன். 'பிடிகழியை விடு' என்று கத்தினால் முதல் இரண்டு எழுத்துதான் அவர் காதில் விழும். மீதியைக் காற்று கொண்டுபோய்விடும். 'பிடி' என்று கேட்ட பிள்ளை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அப்புறம் பாய் அவரை முன்னால் தூக்கி எறியும், பாய்மரம் பலகையின் மூக்கில் இடிக்கும்.

இன்னொன்றும் எழுதுங்கள் மிஸ். கழி தோள் உயரத்தில் கட்டப்பட்டிருக்க வேண்டும். தாழ்வாய் இருந்தால் முதுகு வளையும், இடுப்பு பின்னால் போகும், பயிற்சி முடியும்போது கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு 3 சதுர மீட்டர் பாய் தாராளம். காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில் பழகவே கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். லெ மோர்னின் 'ஒற்றைக்கண்' அலையைப் படத்தில் பார்த்துவிட்டு அங்கே போகலாமா என்று கேட்கிறார்கள். அது பவளத்திட்டின் விளிம்பில் தேர்ந்தவர்கள் ஏறும் அலை. நாம் நிற்பது உள்ளே, அமைதியான நீரில்.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

தம்பியின் கருத்தில் நியாயம் இருக்கிறது. பிடிகழியைக் கைவிடுவோம்.

காற்றைப் பற்றி எழுதும்போது 'வணிகக்காற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆண்டு முழுதும் தென்கிழக்கிலிருந்து நம் தீவின்மேல் வீசி, குளிர்காலத்தில் வலுக்கும் காற்றுக்குப் பல நூல்களில் இந்தப் பெயர் இருக்கிறது. ஆங்கிலப் பெயரிலுள்ள 'ட்ரேட்' தொடக்கத்தில் வணிகத்தைக் குறிக்கவில்லை. தடம், வழி என்பதே அதன் பழம்பொருள். ஒரே தடத்தில் வீசுவது. தடக்காற்று என்பதே சரியான ஆக்கம். 'கொண்டல்' என்று போடலாமா என்றும் எண்ணினேன். அது கீழ்காற்று, மழைமேகத்தையும் குறிக்கும், நம் தென்கிழக்குக் காற்றுக்குப் பொருந்தாது.


அனுப்புநர்: சென்-போல், ரெயூனியோன் (புதுச்சேரியில் பிறந்தவன்)

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். பூம் என்றே எழுதிவிடலாம் என்று யாரேனும் சொல்லுமுன் ஒரு செய்தி. பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் கழிக்குச் சொல்வதே 'விஷ்போன்', அதாவது ஓர் ஆங்கிலச் சொல். ஆங்கிலேயரோ பூம் என்கிறார்கள். சென்னையில் படித்தவருக்கு விஷ்போன் விளங்காது, நம் தீவுப் பிள்ளைகளுக்குப் பூம் விளங்காது. 'கடன்சொல்லே எல்லோருக்கும் புரியும்' என்ற வாதம் இங்கே செல்லாது. தமிழ்ச்சொல் ஒன்றுதான் இரு சாராருக்கும் பொது.

விஷ்போன் என்பது கோழியின் நெஞ்சுப்பகுதியில் கவடுபட்ட எலும்பு. அதைப் பார்த்து 'கவைக்கழி' என்று கூறலாமா? கவை நல்ல பழஞ்சொல்.

பருமல் சரியன்று. தோணியில் பருமல் பாயின் மேல்விளிம்பைத் தாங்கி ஏறும் இறங்கும். இந்தக் கழி எதையும் தாங்கவில்லை, பாயை விரித்து நிறுத்துகிறது.


அனுப்புநர்: பொறியாளர், எபேன்

கவை ஒரு முனையில்தான் பிரியும். இது இரு முனையிலும் கூடுகிறது. ஆகவே கவைக்கழியும் ஆகாது.

வளைகழி என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, வளைந்த, வளைகின்ற, வளையும் என்று மூன்று காலமும் இதற்குப் பொருந்தும், அதுதான் எனக்குப் பிடித்தது. இது என் கற்பனையும் அன்று. இந்த விளையாட்டின் காப்புரிமைக்கு ஹாய்ல் ஷ்வைட்சரும் ஜிம் ட்ரேக்கும் 1968இல் விண்ணப்பித்தார்கள். பிறகு இங்கிலாந்து நீதிமன்றத்தில் அந்த உரிமை எதிர்க்கப்பட்டபோது, 1958இல் பீட்டர் சில்வர்ஸ் என்ற சிறுவன் ஹேலிங் தீவில் செய்து ஓட்டிய பலகை சான்றாக வந்தது. அவனுடைய கழிகள் நேரானவை. ஆனால் பயன்படுத்தும்போது அவையும் வில்லாக வளைந்தன என்பதை நீதிமன்றம் கருத்தில் கொண்டது. 1985இல் மேல்முறையீட்டிலும் காப்புரிமை செல்லாது என்றே தீர்ப்பானது. வளைவு இந்தக் கழிக்கு அழகுக்காக வந்ததன்று, அதன் இயல்பு.

ஐயாவின் நிமிர்கயிறு பற்றியும் ஒரு சொல். நிமிர் என்பது தன்வினை. நிமிர்கயிறு என்றால் கயிறே நிமிர்ந்து நிற்கும். எழுப்புகயிறு என்று பிறவினையில் வைக்கலாம். வினைத்தொகை என்பதால் 'க்' போடாதீர்கள்.


அனுப்புநர்: தமிழாசிரியை, கத்ர் போர்ன்

அனைவருக்கும் நன்றி. அச்சகம் இருமுறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டது, இனி நீட்ட முடியாது. செட்டை, நடுத்தகடு, எழுப்புகயிறு, மிதப்பளவு, தடக்காற்று, அணியம் எல்லாம் உள்ளே. பாய்மரமும் பாயும் அப்படியே. இடுப்பில் கட்டிக் கொக்கியால் மாட்டிக்கொள்வதற்குச் 'சேணம்' என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது குதிரைக்கு உரியது, கொக்கிக்கச்சை என்று போட்டிருக்கிறேன். தொடக்கத்தில் அது தேவையும் இல்லை என்று பயிற்றுநர் சொல்வதால் ஒரே வரியில் முடித்துவிட்டேன்.

பூமுக்கு வளைகழி. மறுமொழி அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். பயிற்றுநர் தம்பி கடற்கரையில் கத்திப் பார்த்து, 'வளைகழி விடு' என்பது காற்றிலும் கேட்கிறது என்று எழுதியிருக்கிறார். எனக்கு அதுவே போதும். காற்றுப்பலகை என்ற பெயரையும் மாற்றவில்லை. வளி என்றால் எங்கள் முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு அகராதி வேண்டியிருக்கும்.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

பெரும்பான்மைக்கு மதிப்பளிக்கிறேன். வளைகழிக்கு என் மறுப்பையும் பதிவு செய்கிறேன்.

கழி நெய்தல் நிலத்தின் சொல். உப்பங்கழி, கழிமுகம், கழிக்கானல் என்று அது நிற்கும் இடமே வேறு. பவளத்திட்டுக்கும் கரைக்கும் இடையே நம் தீவைச் சூழ்ந்துள்ள ஆழமில்லாத நீர்ப்பரப்புக்கு நாம் இன்னும் 'லகூன்' என்றுதான் எழுதுகிறோம். பிள்ளைகள் பழகப் போவதே அந்த நீரில்தான். அதற்குக் கழி என்ற சொல்லை ஆள வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். அதே கையேட்டில் கோலுக்கும் கழி என்றால், 'கழியில் நின்று கழியைப் பிடி' என்று எழுத நேரும். வளைகோல் என்று மாற்றினால் என்ன?


அனுப்புநர்: பொறியாளர், எபேன்

ஐயா, வளைகோல் பந்தாட்டம் ஏற்கெனவே ஹாக்கிக்கு வழங்குகிறது. லகூனுக்குக் காயல் இருக்கிறதே.


அனுப்புநர்: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ரோஸ் ஹில்

காயல் ஆறும் கடலும் கலக்கும் இடத்தில் உள்ள நீர். பவளத்திட்டு அடைத்து வைத்த கடலுக்கு அது ஆகாது. கையேடு அச்சேறட்டும். அடுத்த பதிப்புக்கு 'வளைதண்டு' என்பதை முன்வைக்கிறேன். கழி, காயல் இரண்டையும் பற்றித் தனி இழை தொடங்குகிறேன். சென்-போல் நண்பர் அவர்கள் தீவின் மேற்குக் கரையிலுள்ள நீர்ப்பரப்பை அங்குள்ள தமிழர் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.