பச்சையாகவே செத்துப்போன கம் மரம்: போன்சாய் செய்யிற ஆக்கள், உங்களுக்கும் நடந்ததோ?

தூங்காபி வாசி (சிட்னி)

நிக்கோலி எண்ட கம் மரம், யூக்கலிப்டஸ் இனம். டியூப்ஸ்டாக்காக, சின்னச் சாடியில விக்கிற நாத்தாக, வாங்கி ரெண்டரை வருசம். அடி பெருவிரல் மொத்தத்துக்கு வந்திட்டுது, இலை எப்பிடி இருக்கும் எண்டு இங்க எல்லாருக்கும் தெரியும், போன்சாய்க்கெண்டே செய்து வைச்ச மாதிரி ஒடுங்கின சின்ன இலை.

ஜூலை கடைசியில, இங்க குளிர்காலம், சாடி மாத்தினனான். என்ர ஜூனிப்பருக்கும் மேப்பிளுக்கும் எப்பவும் அந்த நேரம்தான் செய்யிறது. குளிர்ல மரம் நித்திரை, வேரை வெட்டினாலும் அதுக்குத் தெரியாது எண்டு நினைப்பு. கொக்கியால வேரைச் சிக்கெடுத்து, ஆணிவேரை வெட்டி, பக்கவேரிலயும் அரைவாசி எடுத்து, ஒரு சின்ன நீலச் சாடியில வைச்சன். மேலயும் ரெண்டு கொப்பு வெட்டினன்.

மூண்டு கிழமை ஒண்டுமே தெரியேல்ல. இலை வாடேல்ல, விழேல்ல, பச்சை. ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகமுதல் எட்டிப் பாப்பன். மனுசியையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினன், பாத்தீரே, பிழைச்சிட்டுது எண்டு. போன சனிக்கிழமை ஒரு இலையில சிலந்தி நூல் கிடந்தது. எடுப்பம் எண்டு விரல் வைச்சன். இலை அப்பளம் மாதிரி நொறுங்கிச்சுது. பக்கத்து இலையைத் தொட்டன், அதுவும். நிறத்தில கொஞ்சம் சாம்பல் பூத்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எப்ப செத்தது எண்டே எனக்குத் தெரியாது. மனுசிக்குக் காட்டின அண்டைக்கே செத்துப்போய் நிண்டிருக்கலாம். அதுதான் மனசை விட்டுப் போகுதில்லை. வேற ஆருக்கும் இப்பிடி நடந்திருக்கோ?

மெல்பர்ன் கிழக்கு

அந்த நொறுங்குகிற சத்தம் எனக்குத் தெரியும். எனக்கு அது ஜனவரியில்.

ஸ்னோ கம், விதையிலிருந்து வளர்த்தது. ஈர வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடித்து வைக்கும் தாதுத் துகள்) போட்டு ஆறு வாரம் ஃப்ரிட்ஜில் வைத்தேன், மலை மேல் குளிரில் கிடந்து முளைக்கிற விதை அல்லவா. மூன்று வயது ஆகியிருந்தது. அன்றைக்கு 43 டிகிரி. காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் அலுவலகம் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் சட்டி சுட்டது, இலையெல்லாம் சருகு. மேப்பிள் என்றால் தலையைத் தொங்கப் போட்டு நம்மைக் கூப்பிடும். இது கூப்பிடுவதில்லை.

தூக்கிப் போடத்தான் எடுத்துக்கொண்டு போனேன். தோட்டக் குப்பை போடும் பச்சைத் தொட்டி நிரம்பியிருந்தது, மூடி மூடவில்லை. அடுத்த முறை போடலாம் என்று தொட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்துபோனேன். தோட்டத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் அங்கே கசியும். மூன்று வாரம் கழித்து ஒரு ராத்திரி தொட்டியை வாசலுக்கு உருட்டும்போது செல்போன் வெளிச்சம் அதன்மேல் பட்டது. மண்ணை ஒட்டின புடைப்பில் ஐந்து சிவப்புப் புள்ளி, ஊசிமுனை அளவு. தண்டைச் சுற்றிக் குங்குமம் வைத்த மாதிரி. தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது அதில் ஒரு துளிரை மட்டும் விட்டு வளர்க்கிறேன். பட்டுப்போன பழைய தண்டு வெள்ளையாக அதன் பக்கத்தில் நிற்கிறது, மலையில் நெருப்புக்குப் பின் நிற்கிற ஸ்னோ கம் மாதிரியே. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் பாராட்டுகிறார்கள். எனக்கு மட்டும் அன்றைக்குத் தொட்டியில் இடம் இருந்திருந்தால் என்ற நினைப்பு வரும்.

கன்பரா 17

தூங்காபி அண்ணா, உங்கள் மரத்தைக் கொன்றது ஜூலை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், அடுத்த மரமாவது தப்பும்.

மேப்பிள் குளிரில் இலையைக் கொட்டிவிட்டுத் தூங்கும். கம் மரம் தூங்காது. அதன் இலை குளிரிலும் தண்ணீரை வெளியே விட்டுக்கொண்டேதான் இருக்கும். மண் குளிர்ந்திருப்பதால் வெட்டிய வேர் புதிதாக ஓடாது. செலவு நிற்கவில்லை, வரவு நின்றுவிட்டது. அதனால் வேரில் கை வைப்பதென்றால் வெயில் ஏறிய பிறகுதான். இங்கே கன்பராவில் நான் நவம்பருக்கு முன் தொடுவதே இல்லை. நுனியில் சிவப்புத் துளிர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் அடையாளம். ஒரே நாளில் வேரையும் கொப்பையும் வெட்டக் கூடாது.

அடுத்தது அடிப்பகுதி. மெல்பர்ன் நண்பர் சொன்ன அந்தப் புடைப்பு, லிக்னோட்யூபர் என்கிற அடிக்கிழங்கு, எங்கே பிடிக்கும் என்று பலருக்குத் தெரிவதில்லை. வித்திலை இருந்த கணுவிலும் அதற்கு மேலே முதல் சில இலைக் கணுக்களிலும்தான் பிடிக்கும். உறங்கும் மொட்டும் மாவுச்சத்தும் அங்கேதான் சேர்ந்திருக்கும். நாற்றை அந்தக் கணுவுக்குக் கீழே வெட்டினால் திரும்பி வர வழியே இல்லை. டியூப்ஸ்டாக் வாங்கும்போது மேலே எவ்வளவு அழகு என்று பார்க்காமல் அடியில் எதிரெதிராக இரண்டு முடிச்சு இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா இனத்துக்கும் இது இல்லை என்பதும் நினைவில் இருக்கட்டும். மவுன்டன் ஆஷ் என்கிற கம் மரம் உலகத்திலேயே மிக உயரமான பூக்கும் மரங்களில் ஒன்று, அதற்கு இந்தக் கிழங்கு கிடையாது. பெருந்தீயில் மரம் செத்து விதைதான் முளைக்கும். அதைச் சட்டியில் வைத்து ஒட்ட வெட்டிவிட்டு வருமென்று காத்திருப்பது வீண்.

தண்ணீர். மற்ற போன்சாய்க்குச் சட்டிக்குக் கீழே தண்ணீர் நிற்கக் கூடாது என்பார்கள். கோடையில் கம் மரத்துக்கு நான் தட்டில் ஓர் அங்குலம் தண்ணீர் விட்டு அதில்தான் சட்டியை வைக்கிறேன். உரத்தில் பாஸ்பரஸ் குறைவாக இருக்க வேண்டும், ஆஸ்திரேலிய மரம் எதற்கும் பாஸ்பரஸ் நஞ்சு.

கொப்பு வெட்டும்போது ஒவ்வொரு கொப்பிலும் நாலு இலையாவது மிச்சம் வையுங்கள். மொட்டையாக விட்ட கொப்பை மரம் பல நேரம் கைவிட்டுவிட்டு வேறு எங்கோ துளிர்க்கும். என் சினேரியா கம் மரத்துக்கு அதுதான் ஆயிற்று. ஐந்து வருடம் பக்குவமாக இறக்கிய முதல் கொப்பு. தேசிய ஆர்போரிட்டம் என்ற மரப் பூங்காவில் போன்சாய் மண்டபம் பார்த்துவிட்டு வந்த உற்சாகத்தில் ஒரு மாலை ஒட்ட வெட்டினேன். அது திரும்பவே இல்லை. அதே தண்டில் இரண்டு அங்குலம் மேலே, நான் கேட்காத இடத்தில், எட்டுத் துளிர்.

பெர்த் மணல்

கன்பரா ஐயா, ஜூலைதான் கொன்றது என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லாதீர்கள். என்னுடைய ஜார்ராவை, இங்கத்திய கம் மரம், தோண்டியது ஜூனில். இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டுவதற்காக ஒரு காலி மனை. திங்கட்கிழமை புல்டோசர் வரும் என்றார்கள். உரிமையாளரிடம் கேட்டேன், எடுத்துக்கொள் என்றார். சனிக்கிழமை மழை. முழங்கால் உயரம்கூட இல்லாத செடிகள், பன்னிரண்டு இருந்தன. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மண்வெட்டியை இறக்கினேன். கல்லில் மோதின மாதிரி கை அதிர்ந்தது. கையால் மணலைத் தள்ளிப் பார்த்தால் அது கல் இல்லை, மரம். பென்சில் கனத்தில் நாலு தண்டு, அதற்கு அடியில் என் முஷ்டியைவிடப் பெரிய கிழங்கு. ஜார்ரா நாற்று இப்படித்தான், காட்டில் பெரிய மரங்களுக்குக் கீழே பல வருடம் குட்டையாகவே இருந்து அடியை மட்டும் பெருக்கிக்கொண்டு இடம் கிடைக்கக் காத்திருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என் மகளைவிட அதற்கு வயது கூட இருக்கலாம்.

கிழங்கில் சேமிப்பு இருந்தது, பிழைத்தது. தூங்காபிக்காரரின் ரெண்டரை வயதுச் செடியில் அது இல்லை. காரணம் மாதத்தில் இல்லை, மரத்தின் கையிருப்பில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தோண்டின கருவியைக் கழுவிக் கிருமிநாசினி போட்டுத் துடையுங்கள். ஜார்ராக் காடுகளை அழிக்கிற டைபேக் நோய், அந்த ஃபைட்டாப்தோரா கிருமி, மண்ணோடுதான் ஊர்விட்டு ஊர் போகிறது.

நான் ஒன்றுதான் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போயிருக்கலாம், மழை என்று இருந்துவிட்டேன். திங்கள் சாயங்காலம் வெறும் மஞ்சள் மணல். மற்ற பதினொன்றும் கண்ணிலேயே நிற்கிறது.

பிரிஸ்பேன் தெற்கு

பாஸ்பரஸ் விஷயத்தில் கன்பரா நண்பர் சொன்னது சரியில்லை. அது பாங்க்சியா, கிரெவிலியா, வராட்டா குடும்பத்துக்கு. கம் மரம் மிர்ட்டேசி குடும்பம், கொய்யா, நாவல் உறவு. சாதாரண உரத்தை அளவாகக் கொடுத்தால் ஒன்றும் ஆகாது. நான் வருடக்கணக்கில் கொடுக்கிறேன். இந்தப் பயத்திலேயே மரத்தைப் பட்டினி போடுகிறவர்கள் நிறைய.

என் கதை கம்பி. லெமன் சென்டட் கம். 1995இல் அதை யூக்கலிப்டஸிலிருந்து கொரிம்பியா என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள், இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன். நவம்பரில், வளைத்து வடிவம் கொடுக்க, அலுமினியக் கம்பி சுற்றினேன். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார், கவனிக்க நேரமில்லை. ஐந்து வாரம்தான். கம்பி பாதி தண்டுக்குள் போயிருந்தது. சுற்றிக் கழற்றினால் பட்டை உரியும், அதனால் ஒவ்வொரு வளையமாக நறுக்கி எடுத்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பாவம்டா, வலிக்கும்டா" என்றார். அந்தச் சுருள் தழும்பு இன்னும் இருக்கிறது. வருடாவருடம் பட்டை உதிர்க்கும் மரம், ஒருநாள் தழும்பும் அதோடு போகும் என்று காத்திருக்கிறேன். கோடையில் கம்பி போட்டால் வாரம் ஒருமுறை பாருங்கள்.

குன்னூர் மேடு

நான் ஆஸ்திரேலியாவில் இல்லை, நீலகிரி. உங்கள் புளூ கம் எங்கள் மலை முழுக்க நிற்கிறது. அதன் நாற்று ஒன்றைச் சட்டியில் வைத்து நாலு வருடம் பார்த்தேன். இளம் இலை வெள்ளி பூத்து, காம்பில்லாமல், சதுரத் தண்டைக் கட்டிப் பிடித்தபடி எதிரெதிராக வரும். வளர்ந்த மரத்தில் அரிவாள் மாதிரி தொங்குகிற இலை வேறு. குட்டையாக வைக்க வெட்ட வெட்ட, ஒவ்வொரு முறையும் குழந்தை இலைதான் திரும்பி வந்தது. நாலாம் வருடம் ஒரு கொப்பு நுனியில் முதன்முதலாகக் காம்போடு, ஒற்றையாக, கொஞ்சம் வளைந்து ஓர் இலை. நான் கவனிக்கவில்லை. வழக்கமான கைப்பழக்கத்தில் நுனியைக் கிள்ளிவிட்டேன். உள்ளங்கையில் வைத்துப் பார்த்த பிறகுதான் என்ன இலை என்று தெரிந்தது.

தூங்காபி வாசி (சிட்னி)

எல்லாருக்கும் நன்றி. கன்பரா தம்பி, நீர் சொன்னது நோகுது, ஆனா சரிபோலத்தான் கிடக்கு. பெர்த் அண்ணை சொன்னதும் சரி, கையிருப்பு இல்லாத பிள்ளையிட்ட நான் எல்லாத்தையும் ஒரே நாளில பறிச்சுப் போட்டன்.

இண்டைக்குக் காலமை நகத்தால பட்டையைச் சுரண்டிப் பாத்தன். உச்சியில மண்ணிறம். நடுவிலயும் மண்ணிறம். அடியில, மண்ணை ஒட்டி, சரியாச் சொல்லத் தெரியேல்ல. பச்சை எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது. ஈரம் இருக்கு. சாடி மாத்தேக்க அந்தக் கணுவை மண்ணுக்குள்ள தாட்டிட்டன், இப்ப தூரிகையால மண்ணை விலத்தி வெளியில எடுத்து விட்டிருக்கிறன். ஒரு பக்கம் சின்னதா ஒரு முடிச்சு இருக்கு.

மெல்பர்ன் அண்ணை, உங்களுக்கு மூண்டு கிழமையில வந்தது எண்டியள். நான் எவ்வளவு நாள் பாக்கலாம்?

மெல்பர்ன் கிழக்கு

எனக்குக் கோடை, உங்களுக்குக் குளிர். மூன்று வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. அக்டோபர் முடியும் வரை வையுங்கள். தண்ணீரைக் குறையுங்கள், இலை இல்லாத மரம் குடிக்காது, வேர் அழுகிவிடும். காலை வெயில் படும் இடமாக வையுங்கள். இனிச் சுரண்டாதீர்கள்.