ஹமார்த்தியா: ‘குணக்குறை’யா, ‘குறிப்பிழை’யா?

அன்பின் குழுவினருக்கு,

கிரேக்கத் துன்பியல் நாடகங்களின் கலைச்சொற்களைத் தமிழாக்கும் நம் பணியில், நாயகனை வீழ்த்தும் ‘ஹமார்த்தியா’வுக்குக் ‘குணக்குறை’ என்று முந்தைய மடலில் வந்த பரிந்துரையை ஏற்க மனம் வரவில்லை. நாயகன் வீழ்வது தீயகுணத்தால் அல்ல, ஒரு ஹமார்த்தியாவால் என்கிறார் அரிஸ்டாட்டில் (‘கவிதையியல்’, 13ஆம் இயல்). அவரே வாசலில் நிறுத்திய குணத்தை நாம் கொல்லைப்புறமாக உள்ளே விடலாமா?

எறிந்த ஈட்டி ஆளைத் தவறவிடுவதைச் சொல்ல, ஹோமர் இச்சொல்லின் வினைவடிவத்தையே ஆள்கிறார். நம்மிடம் அச்சு அசலாக ஒரு சொல் இருக்கிறது. ‘யானை பிழைத்தவேல்’ என்கிறது குறள். இலக்குத் தவறுவதும் பிழைத்தல், தவறு செய்வதும் பிழைத்தல். ஆகவே ‘குறிப்பிழை’.

சோஃபக்ளீஸின் நாடகத்தில் வரும் வீரன் அஜாக்ஸைப் பாருங்கள். மாண்ட வீரன் அக்கிலீஸின் கவசம் தனக்கு வராமல் சக வீரன் ஒடிசியஸுக்குப் போன ஆத்திரத்தில், படைத்தலைவர்களை வெட்ட இரவில் வாளோடு கிளம்புகிறான். அதீனா தேவி அவன் கண்ணை மறைக்கிறாள். வெட்டுப்பட்டவை ஆடுமாடுகள். ஒரு கிடாவைத் தூணில் நிறுத்திக் கட்டி, ஒடிசியஸ் என்று நினைத்துச் சவுக்கால் விளாசுகிறான். கையில் தளர்ச்சி இல்லை, வீச்சில் தவறு இல்லை, குறிதான் வேறு.

மறுமொழி:

ஐயா, இரண்டு ஐயங்கள். ‘குறிப்பிழை’யை மாணவர்கள் ‘குறிப்பில் உள்ள பிழை’ என்றே படிப்பார்கள். அடுத்தது, யூரிப்பிடீஸின் நாடக நாயகன் ஹெராக்ளீஸ். பெற்ற பிள்ளைகளைப் பகைவன் யூரிஸ்தியஸின் பிள்ளைகள் என்று எண்ணிக் கொல்கிறான். ‘நான் உங்கள் மகன்’ என்று கெஞ்சுகிற சிறுவனையும் கதாயுதத்தால் அடிக்கிறான். இங்கே பிழை செய்தது யார்? ஹீரா தேவியின் ஏவலில் வந்து அவன் மனத்தைக் கலக்கிய தெய்வம் லிஸ்ஸாவின் வேலையல்லவா இது?

மறுமொழி:

முதலாவது நியாயம். ‘இலக்குப்பிழை’ என்று மாற்றிக்கொள்கிறேன். ஓசை சற்று முரடுதான், பழகிவிடும்.

இரண்டாவதற்கு என் விடை, லிஸ்ஸாவை ஹமார்த்தியாவின் கணக்கில் எழுத வேண்டாம் என்பதே. அவளுக்குத் தனிச்சொல் வேண்டும். ‘பைத்தியம்’ போதாது. போர்க்கள ஆவேசத்தையும் நாய்க்கு வரும் நோயையும் கிரேக்கர்கள் லிஸ்ஸா என்றே சொன்னார்கள். நம்மிடமும் வெறிநாய் இருக்கிறது. முருகு ஏறிய பூசாரியான வேலனின் வெறியாட்டும் இருக்கிறது. ஆகவே ‘வெறி’. (அந்த நாடகத்தில் லிஸ்ஸாவே இந்த வேலைக்குத் தயங்குகிறாள். ஹீராவுக்குத்தான் தயக்கமே இல்லை.)

மதுக்கடவுள் டயோனிசஸ் தன் அடியாருக்கு ஏற்றுகிற ‘மேனியா’ என்னும் மதிமயக்கத்துக்குப் ‘பித்து’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆட்சேபம் உள்ளவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.