அம்மாவுக்குத் துணையாக ஒரு சின்ன நாய், எதை எடுக்கலாம்?

வணக்கம். சென்னையில் லிஃப்ட் இல்லாத கட்டிடத்தில் இரண்டாம் மாடி வீடு, பகலில் நான் வேலைக்குப் போய்விட்டால் அம்மாதான் பார்த்துக்கொள்ள வேண்டும், அவருக்கு முழங்கால் வலி இருப்பதால் இழுத்துக்கொண்டு ஓடாத, அதிகம் பராமரிப்பு தேவைப்படாத சின்ன நாயாக வேண்டும். எல்லோரும் பக் என்கிறார்கள். ஆனால் அதன் சப்பை மூக்குக்கு நம்ம ஊர் வெயிலில் மூச்சுத் திணறும், அதைப் பார்க்க எனக்கு மனசு வராது. ஷிட்சூவுக்கு முடி கொட்டுவது குறைவுதான், தினமும் சீவாவிட்டால் சிக்குப் பிடித்துவிடும். டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்புப் பிரச்சினை வரும் என்பதால் படி ஏறி இறங்க விடக்கூடாது, அப்போது தினமும் தூக்கிப்போக வேண்டியிருக்கும்.

அப்புறம், தெருவிலிருந்து மீட்ட, வளர்ந்த நாட்டு நாயைத் தத்தெடுத்தால் என்ன? குணம் முன்பே தெரிந்துவிடும், வெயிலும் பழக்கம். அமைதியான, சின்ன உடம்புள்ள நாயாகக் கிடைக்குமா? வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வளர்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.