கார எரிபொருட் கலம்: மறுநாளே மென்சவ்வின் கடத்துதிறன் விழுவது ஏன்?

அறிவியல்நகர்:
கலத்தின் இரு மின்வாய்களுக்கும் இடையே ஐதரொட்சைட்டு அயனைக் கடத்த, பொலிவைனைல் அற்ககோல் என்ற பல்பகுதியத்தில் மென்சவ்வு வார்க்கிறோம். 90 பாகையில் கரைத்த 10% கரைசல், 9 சென்ரிமீற்றர் பெற்றிக் கிண்ணத்துக்கு 8 மில்லிலீற்றர்; காய்ந்தபின் ஏறத்தாழ 100 மைக்ரோமீற்றர். குளூற்றரல்டிகைட்டால் பல்பகுதியச் சங்கிலிகளைக் குறுக்குப் பிணைத்து, 6 மோலர் பொற்றாசியம் ஐதரொட்சைட்டில் ஒருநாள் ஊறவிட்டு, கிணற்றுத் தண்ணியில் கழுவுகிறோம். முதல் மணித்தியாலம் நல்ல வாசிப்பு. மறுநாள் கால்பங்குகூட இல்லை. மேலே வெள்ளைப் படிவு, ஓரம் மஞ்சள். எங்கே பிழை?

முறிகண்டி:
கிணற்றுத் தண்ணியை விடுங்கோ. எங்கட கிணறுகளில் கல்சியம் கூட. காரம் பட்டவுடன் காபனேற்றாகப் படியும். வடித்த நீரில் வெள்ளை கரைந்தால் பொற்றாசியம் காபனேற்று, கரையாமல் ஐதான அமிலத்தில் நுரைத்தால் கல்சியம். முதலாவது என்றால் காற்றுத்தான் காரணம்: காபனீரொட்சைட்டு ஐதரொட்சைட்டு அயனைக் காபனேற்றாகவும் இருகாபனேற்றாகவும் மாற்றும். இருகாபனேற்று அயன் நீரில் நகரும் வேகம் ஐதரொட்சைட்டினதில் ஏறத்தாழ கால்பங்கு. வடித்த நீரைக் கொதிக்கவைத்து, மூடி ஆறவிட்டுப் பாவியுங்கோ. அளவீட்டை நைதரசனின் கீழ் செய்யுங்கோ. மஞ்சள், பிணையாமல் மிஞ்சிய அல்டிகைட்டு காரத்தில் நிறம் மாறுவது. ஊறவைக்க முன் நன்றாகக் கழுவினால் குறையும்.

நந்திக்கடல்:
காற்றை அடைத்தாலும் வாசிப்பு விழும். இந்தப் பல்பகுதியத்தின் சங்கிலியில் நிலையான மின்னேற்றம் இல்லை. அயனைக் கடத்துவது உள்ளே உறிஞ்சிய காரம்தான். கழுவக் கழுவ அது வெளியே போகும். முதல் மணித்தியாலம் நீங்கள் அளந்தது அந்தக் காரத்தைத்தான். நைதரசனில் நான்கு காபன் பிணைந்த அமோனியம் கூட்டத்தைச் சங்கிலியோடு பிணைக்க வேணும். கிளைசிடைல் மூமெதைல் அமோனியம் குளோரைட்டோடு தாக்கமுறச் செய்த கைற்றோசனை (இறால் கோதிலிருந்து எடுக்கும் பல்பகுதியம்) கலப்பது நல்ல தொடக்கம். முல்லைத்தீவுப் பக்கம் இறால் கோதுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சவ்வில் உள்ள குளோரைட்டை ஐதரொட்சைட்டாக மாற்ற, அதை 1 மோலர் காரத்தில், கரைசலை மூன்று தரம் மாற்றி, ஒருநாள் வையுங்கோ. பிறகு நீரில் கழுவுங்கோ.

அறிவியல்நகர்:
கலத்தை 80 பாகையில் ஓட்டலாமா?

நந்திக்கடல்:
இந்த வகையை 60க்கு மேல் கொண்டுபோகாதேங்கோ. சூட்டில் ஐதரொட்சைட்டு அமோனியம் கூட்டத்தையே கழற்றும். ஊறிய கரைசலில் மீன் வாடை வந்தால் மூமெதைலமீன் போய்க்கொண்டிருக்கு என்று அர்த்தம்.

முறிகண்டி:
இன்னொன்று: தடிப்பை ஈரமாக இருக்கும்போது அளவுங்கோ. ஊறிய சவ்வு வீங்கும். காய்ந்த தடிப்பைப் போட்டால் கணக்குப் பிழைக்கும். வார்த்ததை மின்விசிறிக்குக் கீழே காயவிடாதேங்கோ, மேல்தோல் முதல் இறுகி உள்ளே குமிழி நிற்கும். வடிதாளால் மூடி, மட்டமான மேசையில் இரண்டு நாள் விடுங்கோ.