15 வயதுப் பெடியனை அச்சுவேலிக்கு அனுப்பினால் அது மறியலா (சிறையா)?

குளக்கட்டு:
அக்காவின் மகன். நாங்கள் புதுக்குடியிருப்புப் பக்கம். கூடத் திரிந்த இரண்டு பெரிய பெடியள் தண்ணீர் மோட்டர் களவெடுத்ததில் இவனும் மாட்டிவிட்டான். நீதவான் அடுத்த தவணை வரை அச்சுவேலிச் சிறுவர் இல்லத்தில் வைக்கச் சொல்லிவிட்டார். மறியலுக்குப் போன பிள்ளை என்று ஊர் சொல்லும் என்று அக்கா சோறும் தின்கிறா இல்லை. யுத்தம் முடிந்த 2009 இல் அத்தானை பஸ்ஸில் ஏற்றும்போதும் புனர்வாழ்வு என்றுதான் சொன்னார்கள், அவவுக்கு அந்த ஞாபகமும் சேர்ந்து வருகிறது. பிணை கிடைக்குமா? போய்ப் பார்க்கலாமா?

பாலைமரம்:
மறியல் இல்லை. இதற்கு 1939 ஆம் ஆண்டின் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. 15 வயதுப் பெடியனுக்கும் அது பொருந்தும், வழக்கைச் சனம் இல்லாமல்தான் விசாரிக்க வேண்டும். பழைய சட்டம்தான், நீதவான் பெடியனுக்குப் பிரம்படி கொடுக்கச் சொல்லலாம் என்றுகூட அதில் இருந்தது, 2005 இல்தான் அந்தத் தண்டனையை எடுத்தார்கள். 2018 வரை 8 வயதுப் பிள்ளையையே குற்றவாளி என்று நிறுத்தலாம், இப்போது அது 12. சட்டத்தரணியை வைத்துப் பிணை கேளுங்கள். நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைதான் முக்கியம், அவர் வீட்டுக்கு வரும்போது ஒன்றையும் ஒளிக்க வேண்டாம். குற்றம் நிரூபணமானாலும் பெற்றோரிடம் ஒப்படைக்கவும் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடவும் வழி இருக்கிறது.

ஒற்றைப்பனை:
சட்டம் எழுத்தில் நல்லாத்தான் இருக்கும். பண்டாரவளைப் பக்கத்துப் பிந்துனுவெவவும் புனர்வாழ்வு முகாம்தானே? 2000 ஒக்டோபர் 25 இல் வெளியிலிருந்து வந்த கும்பல் தமிழர் 27 பேரைக் கொன்றது, அதில் சின்னப் பெடியளும் இருந்தார்கள். மரண தண்டனை பெற்றவர்களும் 2005 இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை.

பாலைமரம்:
அது யுத்தக் கைதிகளின் கதை, இது மோட்டர் களவு. இந்த நேரத்தில் அந்தத் தாய்க்கு இதையா சொல்வது?

வெட்டாப்பு:
நான் அந்த 2009 பெடியளில் ஒருத்தன். புனர்வாழ்வுக்குக் கொண்டு போன போராளிகளில் சிறுவர் என்று பிரித்த 594 பேரில் நானும் இருந்தேன். அம்பேபுஸ்ஸ, பூந்தோட்டம், பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரி என்று பிரித்து வைத்தார்கள், எனக்கு எது என்று எழுத விருப்பமில்லை. அடி விழவில்லை, படிக்கவும் விட்டார்கள். ஆனால் விடிய ஒருக்கா பின்னேரம் ஒருக்கா வரிசையில் நிறுத்தி எண்ணுவார்கள், எங்காவது மணி அடித்தால் இன்றைக்கும் எனக்குக் கால் தானாக நேராகும். அதைவிட, மற்றப் பெடியளுக்கு ஆள் வரும் நாளில் நான் கிணற்றடியில் போய் இருப்பேன். அம்மா மெனிக் பாம் அகதி முகாமில், அவவாலேயே வெளியில் வர ஏலாது. உங்கள் அக்காவுக்கு அந்தத் தடை இல்லை, பார்வை நாளைக் கேட்டு ஒரு கிழமையும் விடாமல் போகச் சொல்லுங்கள். அழுதாலும் பரவாயில்லை, போகட்டும். பள்ளிக்கூடக் கொப்பிகளையும் கொண்டு போங்கள், ஓ லெவலுக்கு ஒரு வருசம்தான் இருக்கிறது.

குளக்கட்டு:
சட்டத்தரணியைப் பிடித்துவிட்டோம். சனிக்கிழமை பார்க்கலாம் என்று போனில் சொன்னார்கள். பரந்தனில் பஸ் மாறிப் போகிறோம், அக்கா இப்போதே கொப்பிக்கு உறை போட்டுக்கொண்டிருக்கிறா.

வெட்டாப்பு:
பேனை இரண்டாகக் கொடுங்கள், ஒன்று துலையும்.