குள்ளப் பன்றிக்குக் காவல், கச்சானுக்கு யார் காவல்?

தென்மராட்சித் தோட்டக்காரன்:
அசாமில் அழியும் நிலையிலுள்ள குள்ளப் பன்றிகளைக் கூண்டில் பெருக்கிப் புல்வெளியில் விடுகிறார்களாம். நேற்று இங்கே ஒருவர் மகிழ்ச்சியோடு பகிர்ந்திருந்தார். கிளிநொச்சியில் என் மைத்துனரோடு நான்கு பரப்பில் கச்சான் (நிலக்கடலை) போட்டேன். விடியற்காலையில் போய்ப் பார்த்தால் பாத்தியெல்லாம் கிளறிக் கிடக்கிறது, கோது மட்டும் மிச்சம். பன்றியைக் காப்பாற்றக் காசு கொடுப்பவர்கள் ஒருநாள் இரவு என் காவல் கொட்டிலில் வந்து படுக்கட்டும்.

நெல்லியடி வாசகி:
அண்ணை, உங்கள் கச்சானைத் தின்றது வேறு விலங்கு. காட்டுப்பன்றி இங்கே அழிகிற இனமே இல்லை. குள்ளப் பன்றி நின்றால் பத்து அங்குல உயரம், எடை எட்டு ஒன்பது கிலோ. உயர்ந்த புல்லுக்குள்ளேயே வாழ்ந்து முடிகிறது. நிலத்தைப் பள்ளமாகத் தோண்டி, புல்லைக் கடித்து வந்து பரப்பி, மேலேயும் புல்லால் மூடிக் கூடு கட்டும். இனி இல்லை என்றே எண்ணியிருந்தார்கள். 1971இல் புல்வெளியில் தீப்பிடித்தபோது தேயிலைத் தோட்டத்துக்குள் ஓடிவந்து பிடிபட்ட பிறகுதான் உயிரோடிருப்பது தெரிந்தது. 1996இல் அசாமின் மானஸ் தேசியப் பூங்காவில் பிடித்த ஆறு பன்றிகளிலிருந்து குவாஹாத்தி அருகே பெருக்கினார்கள். 2008 முதல் சோனாய் ரூபாய், ஒராங், பர்னடி என்று அங்குள்ள காப்பகங்களில் விடுகிறார்கள். இதன் உடம்பில் மட்டுமே வாழும் ஒரு பேன் இனம்கூட இருக்கிறது. பன்றி போனால் அதுவும் போய்விடும்.

தென்மராட்சித் தோட்டக்காரன்:
பேனுக்குமா காப்பகம்! சரி தங்கச்சி, வேறு விலங்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புல்லுக்கு நெருப்பு வைப்பவன் யார்? மாட்டுக்கு இளம்புல் வேண்டுமென்று எரிப்பவனும் கூரை வேயப் புல் அரிபவனும் என்னைப் போன்றவர்கள்தானே? அவர்களைக் கள்ளராக்கிவிட்டுப் பன்றியைக் காப்பது என்ன நியாயம்?

பரந்தன் பழைய மாணவன்:
நியாயம் பேசுகிறீர்கள், ஐயா. தீனிக்குள் வெடி வைத்துப் பன்றி பிடிப்பது எங்கள் பக்கத்தில் இல்லையா? அதைக் கடித்து வாய் சிதைந்த யானைக்குட்டி தின்ன முடியாமல் பட்டினியால் சாகிறது. வாசகிக்கும் ஒரு கேள்வி. பன்றிகளைக் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாமுக்குள் வந்தது, 2024இல் இலங்கைக்கும் வந்துவிட்டது. ஒரு சில பன்றிகளின் வாரிசுகளை நம்பியிருக்கும் திட்டத்துக்குள் அது புகுந்தால்?

நெல்லியடி வாசகி:
அந்தப் பயம் உண்மையானது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காமல் பிரித்து விடுவதில் அந்தக் காப்பும் இருக்கிறது. விடுவதற்கு முன் மனிதரைக் கண்டால் ஒளிந்துகொள்ளும்படி, புல் வளர்ந்த அடைப்புக்குள் சில மாதம் வைத்துப் பழக்குகிறார்கள். எரிப்பதைப் பற்றி அண்ணை கேட்டது சரிதான். ஊர்க்காரர் ஒத்துக்கொள்ளாமல் எந்தப் புல்லும் தப்பாது. ஒரேயடியாக எரிக்காமல் துண்டு துண்டாக, பருவம் பார்த்து எரித்தால் பன்றிக்கு ஓடி ஒளிய இடம் கிடைக்கும், மாட்டுக்கும் இளம்புல் கிடைக்கும்.

தென்மராட்சித் தோட்டக்காரன்:
நான் வெடி வைத்ததில்லை, தம்பி. வைத்தவர்களைத் தெரியும், அவ்வளவுதான். துண்டு துண்டாக எரிப்பதென்றால் அதற்கு நாலு பேர் கூலி வேண்டும். அதையும் திட்டக்காரர் கொடுக்கட்டும், பிறகு பேசுவோம். இன்றிரவு காவல் என் முறை. டோர்ச்சுக்குப் பற்றரி வாங்கக் கடை பூட்டுவதற்குள் போகவேண்டும். அந்தக் கூட்டை ஆண் பன்றியும் கட்டுமா?

நெல்லியடி வாசகி:
கட்டும், அண்ணை.