புதுப்பிப்பு: குறியாக்கம் செய்த டிஸ்க்கில் கிரப், பிரச்சினை தீர்ந்தது

பூட் பகுதியோடு முழு டிஸ்க்கையும் குறியாக்கம் செய்த என் லேப்டாப்பில், சரியான கடவுச்சொல்லையே கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர்) ஏற்க மறுக்கிறது என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி, முக்கியமாக சாவியின் வகையைப் பார்க்கச் சொன்ன பெங்களூரு மடிவாளா நண்பருக்கு, அதுதான் காரணம். கடவுச்சொல்லிலிருந்து சாவி உருவாக்க லக்ஸ்2 (லினக்ஸின் டிஸ்க் குறியாக்க முறை) வழக்கமாக எடுத்துக்கொள்வது ஆர்கான்2ஐடி என்ற வகை, என்னிடமுள்ள கிரப் 2.12-க்கோ பிபிகேடிஎஃப்2 என்ற வகை மட்டும்தான் தெரியும்.

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்து, சாவி விவரங்கள் இருக்கும் லக்ஸ் ஹெடரை பென்டிரைவில் பேக்கப் எடுத்துக்கொண்டு (இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்), குறியாக்கத்தைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் லக்ஸ்கன்வெர்ட்கீ கட்டளையால் சாவியை பிபிகேடிஎஃப்2-க்கு மாற்றினேன். அப்புறம் சிரூட் வழியாக டிஸ்க்கிலுள்ள சிஸ்டத்துக்குள் போய், கிரப் அமைப்புக் கோப்பில் கிரிப்டோடிஸ்க்கை (குறியாக்க டிஸ்க்கைத் திறக்கும் வசதி) இயக்கி, கிரப்-இன்ஸ்டாலும் அப்டேட்-கிரப்பும் ஓட்டியதும் பூட் ஆகிவிட்டது.

எதிர்பாராதது ஒன்று: கிரப் டிஸ்க்கைத் திறந்த பிறகு இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின்போது கெர்னலுடன் ஏறும் தற்காலிகக் கோப்பமைப்பு) மறுபடியும் கடவுச்சொல் கேட்கிறது. அது பிழையல்ல, இரண்டும் தனித்தனியாகத் திறப்பதால் அப்படி.